பதினான்காம் வாசலின் கயிறு

"அப்ப நான் எப்பதான் வெளிய போறது?"

"அடுத்த பக்கமாற்றத்துக்கு சார். ஆடறவங்க பக்கம் மாறணும்."

"அது எப்ப வரும்?"

"இந்த கேம் முடிஞ்சதும் வரும்."

"கேம் எப்ப முடியும்?"

"கீழ ஆடுற ரெண்டு பேரும் மனசு வெச்சா இப்பவே முடியும்." அந்த அம்மாள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசுங்க சார். நடுவர் திரும்பிப் பாக்கறார்."

"சரி, எப்ப ஆரம்பிச்சது? அதையாவது சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

அன்று வெள்ளிக்கிழமை.

வெர்னன் ஹாட்ச் கையிலிருந்த கருவிப் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். அவன் டென்னிஸ் பார்க்க வந்தவன் இல்லை. டோலிடோ நகரத்தில் மோட்டார் பழுது பார்க்கிறவன். பேரேரி டென்னிஸ் பேரவையின் அரங்கத்துக்கு மேலே நகரும் கூரை ஒன்று உண்டு. இரண்டு வருடமாக அது பாதியில் சிக்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்யக் காலையிலேயே வந்து, பல் தேய்ந்த சக்கரங்களை மாற்றி, எண்ணெய் விட்டு, மூன்று தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியோடு இறங்கினான். கூரையிலிருந்து வரும் ஏணி பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவில் வந்து முடிந்தது. வண்டி நிற்கும் இடத்துக்குப் பதினான்காம் வாசல்தான் குறுக்குவழி. வாசலுக்கு ஆறு படி இருக்கும்போது இந்த அம்மாள் குறுக்கே கயிற்றை மாட்டினாள். கரும்பச்சை வெல்வெட்டு சுற்றிய கயிறு, இரண்டு முனையிலும் பித்தளைக் கொக்கி. அவள் சட்டையில் குத்தியிருந்த வில்லையில் 'கிளாடிஸ். உதவி வேண்டுமா? என்னைக் கேளுங்கள்' என்று இருந்தது.

"நான் ரசிகன் இல்ல மேடம். கூரை வேலைக்கு வந்தவன்."

"இருக்கைப் பகுதியில கால் வெச்சவங்க எல்லாரும் ரசிகர்தான் சார். ஆட்டம் நடக்கறப்ப ரசிகர் நகரக் கூடாது. ஆடறவங்க கண்ணு அலைபாயும்."

கிளாடிஸ் பள்ளி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள். பதினைந்து வருடமாகச் சம்பளம் வாங்காமல் இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவளிடம் வாதம் செய்வது வீண் என்று வெர்னனுக்குப் புரிந்துவிட்டது. அவள் அவனுடைய கைபேசியையும் வாங்கிக் கயிற்றில் தொங்கிய துணிப்பையில் போட்டாள். அதுவும் பக்கமாற்றத்தின்போது திரும்பக் கிடைக்குமாம்.

மணி ஒன்று பத்து. மூன்றரைக்கு அவன் மன்ரோ தெருக் கண் மருத்துவமனையில் நிற்க வேண்டும். நோரீனுக்கு இன்று வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். இடது கண்ணில் ஏற்கெனவே வெறும் பனிமூட்டம்தான். கட்டைப் பிரிக்க நாளை காலை ஆகும். அதுவரை அவளுக்குப் பகலும் இருட்டும் ஒன்று. காலையில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு தெரியாம என்னை ஒரு பெஞ்சில உக்கார வெச்சுடாத, வெர்ன்" என்றாள். மூன்றேகாலுக்கே வந்து நிற்பேன் என்று இவன் சொல்லியிருந்தான். இருபத்தாறு வருடத்தில் அவளிடம் சொன்ன நேரத்துக்கு அவன் போகாமல் இருந்ததில்லை. அவனுக்கு இருக்கும் ஒரே பெருமையும் அதுதான்.

பக்கத்து இருக்கையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பெயர் லெமுவேல் ட்ரிப். உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். ஆட்டம் ஏன் முடியவில்லை என்பதை அவர்தான் விளக்கினார். இரண்டு பேரும் நாற்பது நாற்பது என்று சமமாகிவிட்டால், தொடர்ந்து இரண்டு புள்ளி எடுத்தவனுக்குத்தான் கேம். ஒரு புள்ளி எடுத்து அடுத்ததை விட்டால் மறுபடியும் சமம். அதற்கு டியூஸ் என்று பெயர். செவ்வாய்க்கிழமையிலிருந்து இவன் ஒன்று எடுக்கிறான், அவன் ஒன்று எடுக்கிறான்.

"டியூஸ்," என்றார் உயரமான நாற்காலியில் இருந்த நடுவர். "ஆயிரத்து நூற்றுப் பதினொன்று."

"ராத்திரி?" என்று வெர்னன் கேட்டான்.

"நிறுத்தி வெப்பாங்க. அவங்கவங்க பக்கத்துலயே கட்டில் போட்டுப் படுத்துக்குவாங்க. பக்கம் மாறலேல்ல? அதனால நாமளும் இப்படியே உக்காந்து தூங்கலாம். தூங்கறது நகர்றதுல சேராது."

வெர்னன் சற்று யோசித்தான். "பதினஞ்சு, முப்பது, நாப்பது. நியாயப்படி நாப்பத்தஞ்சுல்ல வரணும்? அந்த அஞ்சு எங்க போச்சு?"

"கேட்ட ஆளுங்க இருந்தாங்கப்பா," என்றார் ட்ரிப். "இப்ப இல்ல."

ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து ஒன்பதாயிரம் காலி இருக்கைகளையும் ஒரு தடவை தடவிவிட்டுப் போனது. நிழலில் இருந்த நல்ல இருக்கைகளின் முதுகில் எல்லாம் வங்கிகளின் பெயர் ஒட்டியிருந்தது. வங்கிகள் வரவில்லை. புள்ளிப்பலகையிலும் வங்கியின் படமே ஓடியதால் ஆடுகிறவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ட்ரிப் அவர்களை வடக்கத்தியான், தெற்கத்தியான் என்றார்.

பார்வையாளர் என்று அரங்கத்தில் வெர்னனையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர் இருந்தார்கள். ட்ரிப் வந்தது பக்கத்து மைதானத்தின் கால்பந்துக்காக. கழிவறை தேடி வழிதவறி உள்ளே வந்துவிட்டார். அவருக்கு அப்பால் டெலோரஸ் என்ற நடுவயதுப் பெண். வெற்றி பெறுகிறவனுக்குப் பூச்செண்டு கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கடையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். செண்டு மடியில் கருகிக் கிடந்தது. அதிலிருந்து உதிர்ந்ததை எல்லாம் அவள் கைப்பையில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நான்காமவர் முன்வரிசையில் தனியாக இருந்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் மடிப்புக் கலையாத நுழைவுச்சீட்டு.

"அவர் ஒருத்தர்தான் டென்னிஸ் பாக்கன்னே வந்தவர்," என்றார் ட்ரிப்.

அந்த முன்வரிசை ரசிகரின் தோளில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. வெர்னன் அவருடைய கையின் நிறத்தைப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. இன்றைய பார்வையாளர் எண்ணிக்கை, புறாவையும் சேர்த்து, ஐந்து. நேற்றைவிட இருபத்தைந்து விழுக்காடு வளர்ச்சி. மேலே கண்ணாடி அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நடுவர் அண்ணாந்து பார்த்ததும் உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் அந்த அறையிலிருந்து ஒருவர் குனிந்தபடி படியிறங்கி வந்தார். வெள்ளைக் கால்சட்டை, நீலக் கோட்டு, கையில் அட்டையில் செருகிய தாள். பேரவையின் ரசிகர் மீட்பு ஆணையத் தலைவர், ஹார்லன் விட்கோம். அமெரிக்காவில் டென்னிஸ் ரசிகர்கள் எங்கே போனார்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய பொறுப்பு. பதினோரு வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். ஓர் உயிருள்ள ஆளிடம் நேரடியாகக் கேட்பது இதுவே முதல் தடவை என்று வெர்னனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"டென்னிஸை எந்த வருஷம் கைவிட்டீங்க, மிஸ்டர் ஹாட்ச்?"

"நான் அதைப் பிடிக்கவே இல்லையே."

'பிறப்பதற்கு முன்பே' என்று விட்கோம் எழுதிக்கொண்டார்.

"இப்ப, இந்த நிமிஷம், உங்களுக்கு எங்ககிட்ட என்ன எதிர்பார்ப்பு?"

"வெளிய போகணும்."

'வெளியேறும் விருப்பம்: மிகுதி' என்று எழுதிவிட்டு அதன்கீழ் கோடு போட்டார். வெர்னன் நோரீனைப் பற்றிச் சொன்னான். அவர் அனுதாபத்தோடு கேட்டார். நடுவில் இரண்டு தடவை பந்து பரிமாறும் சத்தம் வந்தபோது மட்டும் விரலைத் தூக்கி இவனை நிறுத்தி, சத்தம் ஓய்ந்ததும் தொடரச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவருக்கும் மனம்விட்டுப் பேசத் தோன்றியது.

"எழுபதுகள்ல எங்களுக்கு ஒரு பெரிய ஆபத்து வந்துச்சு, மிஸ்டர் ஹாட்ச். ஊர்ல உள்ளவன் எல்லாம் மட்டை வாங்கிட்டான். பூங்காக் கோர்ட்டுல பஸ் ஓட்டறவங்க, பல் டாக்டருங்க, பாத்திரம் கழுவறவங்க எல்லாரும் வரிசைல நின்னாங்க. வரிசைல. நாங்க பதறல. பொறுமையா வேலை செஞ்சோம். பூங்காவெல்லாம் பூட்டினோம், கிளப்புக்குச் சுவர் வந்துச்சு, சத்தத்தை எடுத்தோம், சின்னப் பிள்ளைங்களை எடுத்தோம், வீட்டுல இருந்து கொண்டு வர்ற சாப்பாட்டை எடுத்தோம். நாப்பது வருஷம் ஆச்சு." கையை விரித்துக் காலி இருக்கைகளைக் காட்டினார். அவர் கண்கள் பனித்திருந்தன. "இப்ப பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருக்கு. இதுக்கப்புறமும் ரசிகர் எங்கன்னு எங்களையே கேக்கறாங்க."

வெர்னனுக்கு ஒரு யோசனை வந்தது. மருத்துவமனைக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. நோரீனுக்குத் தெரியாவிட்டாலும் செவிலி யாராவது பார்க்கலாம். கேமராவைப் பார்த்துக் கையாட்டினால்?

"இது டிவில வருதா?"

"வருது. ஆனா தற்செயலா யாரும் பாத்துடாதபடி ஏற்பாடு பண்ணிருக்கோம். ஒரு சந்தா கட்டணும். அது இருந்தாத்தான் இன்னொரு சந்தா கட்ட முடியும். ரெண்டும் கட்டினவங்களுக்கு முதல் பாதி தெரியும்."

"கீழ ஆடறாங்களே, அவங்க யார்?"

விட்கோமின் முகம் மலர்ந்தது. அமெரிக்காவுக்கு ஒரு சாம்பியன் இல்லாததால்தான் மக்கள் விட்டுப்போனார்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம். அதனால் புளோரிடாவில் ஒரு பள்ளி வைத்து, நான்கு வயதிலேயே பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். இருவரும் அங்கே வளர்ந்தவர்கள், ஒரே அறை, ஒரே வாத்தியார். ஒருவன் அடிக்கப்போவது மற்றவனுக்கு முன்கூட்டியே தெரியும். தப்பே வராது.

"அப்ப யார் ஜெயிப்பாங்க?"

விட்கோம் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அந்தக் கேள்வி ஆணையத்துக்கு வரல."

போகிற வழியில் விட்கோம் முன்வரிசை ரசிகருக்கு எதிரே நின்று தலை தாழ்த்தி வணங்கினார். புறா அவரை உற்றுப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து இரண்டு ஆட்கள் வந்து, மிஸ்டர் ஹாட்சின் கருத்தை ஏற்று, பதினான்காம் வாசலில் இன்னொரு கயிறு கட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்று மணிக்கு ஏரிக்கு மேலே வானம் கறுத்தது. அதை முதலில் பார்த்தவள் டெலோரஸ். அவள் ட்ரிப்பின் முழங்கையைத் தொட்டாள், ட்ரிப் வெர்னனைத் தொட்டார். மழை வந்தால் ஆட்டம் நிற்கும். தரை நனைந்தால் ஆடுகிறவர்கள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், அப்போது கயிறு அவிழும். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த மழையைத்தான் எதிர்பார்த்திருந்ததாகக் கிழவர் சொன்னார். கூரைதான் கெட்டுக் கிடக்கிறதே.

வெர்னன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

முதல் துளி அவன் மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது துளி டெலோரஸின் கருகிய பூவில் விழுந்தது. தெற்கத்தியான் மட்டையைத் தாழ்த்தி அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் வந்தது சிரிப்பு என்று வெர்னனுக்குப் பின்னால்தான் தோன்றியது. அப்போது எங்கோ மேலே ஒரு மோட்டார் எழுந்தது. நல்ல மோட்டாருக்கு ஒரு முனகல் உண்டு, பூனை பால் குடித்த மாதிரி. இருபது வருட அனுபவத்தில் அவன் இவ்வளவு சுத்தமான முனகலைக் கேட்டதில்லை. கூரையின் இரண்டு பாதியும் சிறு உலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்து வந்து, வானத்தை ஒரு கோடாக்கி, பிறகு அந்தக் கோட்டையும் எடுத்துவிட்டன.

விளக்குகள் எரிந்தன. வெளியே மழை கொட்டுவது எங்கோ வேறு ஊரில் கொட்டுவதுபோலக் கேட்டது.

"யாரோ ரிப்பேர் பண்ணிட்டாங்க போல," என்றார் ட்ரிப்.

"நல்லாப் பண்ணிருக்கான் பாவி," என்றாள் டெலோரஸ். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். வெர்னன் கருவிப் பெட்டியைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினான்.

மூன்று முப்பத்தைந்துக்குக் கயிற்றில் தொங்கிய துணிப்பை துடித்தது. சத்தம் இல்லை, துடிப்பு மட்டும். நின்றது. மறுபடி துடித்தது. வெர்னன் எழுந்தான். கிளாடிஸ் உதட்டில் விரல் வைத்தாள். வடக்கத்தியான் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். அடிப்பதற்கு முன் பத்தொன்பது தடவை தட்டுவது அவன் வழக்கம். வெர்னன் உட்கார்ந்தான். பை ஏழு தடவை துடித்து அடங்கியது. சரியாக அந்த நேரத்தில் டெலோரஸ் இருமினாள். வெர்னன் தன்னையறியாமல் அவள் பக்கம் திரும்பி "உஷ்" என்றான். சொன்ன பிறகு தன் வாயை அவனே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

நான்கு மணிக்கு, ஆயிரத்து இருநூற்றுச் சொச்சமாவது டியூஸில், தெற்கத்தியானின் மட்டை விளிம்பில் பட்ட பந்து உயரே எழும்பிப் பதினான்காம் வாசல் பக்கம் வந்தது. மூன்று நாளில் நடந்த முதல் தப்பு அது. வெர்னன் யோசிக்கவில்லை. அவன் வளர்ந்தது பேஸ்பால் ஊரில். அங்கே இருக்கைப் பக்கம் வரும் பந்து பிடித்தவனுக்கே சொந்தம். வெறுங்கையால் பிடித்து, எழுந்து நின்று, ஊரே பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். திருப்பி எறிகிறவனைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்கள் காறித் துப்புவார்கள். அவன் கை தானாக மேலே போனது, பந்து உள்ளங்கையில் அறைந்து நின்றது. எழுந்து நின்று தூக்கிக் காட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டான்.

ட்ரிப் தொப்பியைக் கழற்றி வீசினார். டெலோரஸ் கைதட்டிக்கொண்டே சிரித்தாள், பூவெல்லாம் கொட்டியது. புறா கிளம்பி விளக்குகளுக்கு நடுவில் சுற்றியது. கீழே தெற்கத்தியானும் வடக்கத்தியானும் மட்டையைத் தூக்கி அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். அரை நிமிடம் அந்த இடம் ஒரு விளையாட்டு மைதானமாக இருந்தது. முன்வரிசை ரசிகர் மட்டும் அசையவில்லை.

பிறகு நடுவர் ஒலிவாங்கியைத் தட்டினார். எல்லாம் அடங்கியது.

ஆட்டத்துக்கு எடுத்த ஆறு பந்தும் களத்தில் இருந்தால்தான் ஆட்டம் நடக்கலாம், அது பேரவை விதி. புதுப் பந்துப் பெட்டியைக் கேம் முடிந்த பிறகுதான் உடைக்கலாம், அதுவும் விதி. வெர்னன் பந்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். அன்று முழுக்க முதல் தடவையாகப் பேரம் பேச அவன் கையில் ஏதோ இருந்தது.

விட்கோம் இந்தத் தடவை இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். மூவரும் வெளிறியிருந்தார்கள்.

"பந்தைக் கொடுங்க, மிஸ்டர் ஹாட்ச்."

"கயிறை அவுத்துவிடுங்க."

"ஆட்டம் நின்னிருக்கே ஒழிய பக்கம் மாறலையே. நாங்க எப்படி அவுக்கறது? ஆடறவங்களே போக முடியாம நிக்கறாங்க."

"என் பொண்டாட்டி அங்க குருடி மாதிரி உக்காந்திருக்கா. கொஞ்சம் மனுஷனாப் பேசுங்க."

அந்தச் சொல் உறுப்பினர்களில் ஒருவரைத் தொட்டது. கண்ணே தெரியாதா என்று கேட்டார். நாளைக் காலை வரை ஒன்றும் தெரியாது என்றான் வெர்னன். மூவரும் சற்றுத் தள்ளிப் போய்த் தலைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். காலியான அரங்கத்தில் கிசுகிசுப்பும் தெளிவாகக் கேட்டது. பார்க்க முடியாதவர் என்றால் எந்த இருக்கையாக இருந்தாலும் குறை சொல்ல மாட்டார். வாசல் எங்கே என்று தெரியாது. புள்ளிப்பலகையைப் பற்றிப் புகார் வராது. பதினோரு வருடமாக நாம் தேடியது இப்படி ஒருவரைத்தான் இல்லையா?

விட்கோம் திரும்பி வந்தபோது அவர் குரலில் தேன் ஊறியிருந்தது.

"கார் அனுப்பறோம். அரை மணி நேரத்துல உங்க மனைவியைக் கொண்டு வந்துடலாம். நீங்க பந்தைக் கொடுங்க."

"எங்க கொண்டு வருவீங்க?"

"இங்கதான். உங்க பக்கத்துல."

"வீட்டுக்கு இல்ல?"

"வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு அதிகாரம் இல்ல, மிஸ்டர் ஹாட்ச்."

"ஆட்டம் நடக்கறப்ப உள்ள வர மட்டும் விடுவீங்களா?"

"உள்ள வர்றதுக்கு இருந்த தடையை இன்னிக்குக் காலைல தீர்மானம் போட்டு நீக்கிட்டோம். ரசிகர்களுக்கு எங்களால ஆன வசதி."

வெர்னன் ட்ரிப்பைப் பார்த்தான். அவர் தொப்பி இல்லாத தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. துணிப்பை மறுபடி துடித்தது. மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணினான். மருத்துவமனையில் ஐந்து மணிக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பிறகு வெளியே தாழ்வாரத்தில் இருக்கும் பெஞ்சு. மழை. அவள் யாருடைய காலடிச் சத்தம் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இங்கே என்றால் கூரையாவது உண்டு. அது ஒழுகாது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் அவன் பொத்தானைக் கழற்றினான். பந்து வெதுவெதுப்பாக இருந்தது. விட்கோம் அதைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டார். வீட்டு முகவரியைக் கேட்கவில்லை, மருத்துவமனை முகவரியை மட்டும் எழுதிக்கொண்டார்.

ஆட்டம் தொடர்ந்தது. தெற்கத்தியான் அதற்குப் பிறகு தப்புச் செய்யவில்லை. இருக்கைப் பக்கம் திரும்பவும் இல்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் பதினான்காம் வாசலில் இரண்டு கயிறும் அவிழ்ந்தன. வெர்னன் பாதி எழுந்தான். கிளாடிஸ் நோரீனைக் கைப்பிடித்து உள்ளே விட்டுவிட்டு, எவ்வளவோ பழகிய கையால் இரண்டு கொக்கிகளையும் மாட்டினாள். நோரீனின் வலது கண்ணில் ஓட்டைகள் போட்ட வெள்ளை மூடி ஒட்டியிருந்தது. மழைக்கோட்டைத் தோளில் போட்டிருந்தார்கள். ஒரு காலால் படியைத் துழாவித் துழாவி ஏறினாள். மிகவும் அன்பானவர்கள் என்று கார்க்காரர்களைப் பற்றிக் கிளாடிஸிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். கிளாடிஸ் அவளை வெர்னனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, மடியில் ஒரு தாள் விசிறியை வைத்துவிட்டுப் போனாள்.

இன்றைய பார்வையாளர் எண்ணிக்கை ஆறு என்றது ஒலிபெருக்கி. இருபது விழுக்காடு வளர்ச்சி.

நோரீன் கையை நீட்டி அவன் சட்டைக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "வெர்ன்? நீதானா?"

அவன் அவள் விரல்களை அழுத்தினான். ஈரமாகவும் சில்லென்றும் இருந்தன.

"இது என்ன இடம்? சர்ச் மாதிரி இருக்கு. யாரோ சாவகாசமா கதவைத் தட்டிட்டே இருக்காங்க."

கீழே வடக்கத்தியான் பந்தைத் தட்டத் தொடங்கியிருந்தான். மூன்று, நான்கு. ட்ரிப் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலோரஸ் தன் கைப்பையைத் திறந்து அதிலிருந்த காய்ந்த பூக்களைப் பார்த்துவிட்டு மூடினாள். மேலே கண்ணாடி அறையில் மூன்று பேரும் எழுந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றார்கள்.

"உனக்குக் கோபமா? நான் உனக்கு ஏழு தடவ போன் பண்ணேன். பெறகு இன்னொரு ஏழு."

ஒன்பது, பத்து. நடுவரின் தலை மெல்லத் திரும்பியது. வெர்னனின் விரல் எழுந்து உதட்டின்மேல் போய் நின்றது. அவளுக்கு அது தெரியாது என்று அவனுக்குத் தோன்றியபோது பந்து பதினான்காவது தடவை தரையில் பட்டிருந்தது. அவன் விரலை இறக்கவில்லை.

நோரீன் தலையைச் சாய்த்து, சுற்றிலும் இருந்த அந்தப் பெரிய வெறுமையைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவன் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெர்ன், எனக்கு இங்க பிடிக்கல. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."